மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி: முந்தைய நாளிலிருந்து மூன்றாம் மாதம் வரை ஒரு செவிலியரின் முழுமையான வழிகாட்டி

எங்கள் பெரியம்மைக்கு (பெரியம்மாவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்) ஊர், திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடல். 15 வயதில் மடியில் சுளகை (முறத்தை) வைத்துப் பீடி சுற்ற உட்கார்ந்தவர், 60 கடந்த பிறகும் அந்தச் சுளகை இறக்கி வைக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு வலது முழங்கால் வீங்கியபோது, நான்கு மாதத்துக்குள் மூன்று வெவ்வேறு இடங்களில் மூன்று ஊசி போட்டுக்கொண்டார். முதல் இடத்தில் போட்டது இரண்டாம் இடத்தில் தெரியாது. இரண்டாம் இடத்தில் போட்டது மூன்றாம் இடத்தில் தெரியாது. எந்தச் சீட்டிலும் மருந்தின் பெயர் இல்லை. மூன்றாவது ஊசிக்கு இரண்டு நாள் கழித்து, சர்க்கரை 400ஐத் தாண்டி அடுப்படியில் தலைசுற்றி விழுந்தார். அப்போதுதான் எனக்குப் போன் வந்தது. பாளையங்கோட்டையில் எலும்பு மூட்டுப் பிரிவில் இதே ஊசிக்குத் தட்டு அடுக்கிக் கொடுப்பதுதான் என் அன்றாட வேலை. சொந்தப் பெரியம்மைக்கு ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லாமல் விட்டுவிட்டேனே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்ததற்கு அதுவே காரணம்.

இந்த ஊசி நல்ல மருந்து. இடம் பார்த்து, காலம் பார்த்துப் போட்டால், இரவெல்லாம் தூங்காதவரைத் தூங்க வைக்கும். ஆனால் அது தருவது அவகாசம். சிலருக்குச் சில வாரம், சிலருக்கு இரண்டு மூன்று மாதம். அந்த அவகாசத்தில் என்ன செய்ய வேண்டும் என்று ஊசி போட்டுக்கொள்கிற பலருக்கும் யாரும் சொல்வதில்லை.

உள்ளே போவது என்ன?

நம் சிறுநீரகத்தின் மேல் தொப்பி கவிழ்த்ததுபோல் அட்ரினல் என்ற சுரப்பி இருக்கிறது. அதன் வெளிப்பகுதி சுரக்கும் ஹார்மோனைப் பார்த்துச் செய்த மருந்துகள்தான் கார்டிகோஸ்டீராய்டுகள். மூட்டின் உள்ளே மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அது கோபப்பட்டுச் சிவந்து வீங்கி, வேண்டாத நீரைச் சுரக்கும்போதுதான் மூட்டு கனக்கிறது, சூடாகிறது, வலிக்கிறது. அந்த அழற்சியை இந்த மருந்து அடக்குகிறது. தேய்ந்துபோன குருத்தெலும்பை அது வளர்க்காது. ‘ஜவ்வு தேய்ந்துவிட்டது, ஊசி போட்டால் ஊறிவிடும்’ என்று ஊரில் சொல்வது தவறு.

1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்டிசோன் என்ற இவ்வகை மருந்தைக் கொடுத்தார்கள். சில நாள்களிலேயே அவர் எழுந்து நடந்தார். 1950இல் இந்த ஹார்மோன்களை ஆராய்ந்த ஹெஞ்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மருந்தை நிறுத்தியதும் வலி திரும்பியது. தொடர்ந்து கொடுத்தால் உடல் முழுக்கப் பக்கவிளைவுகள் வந்தன. உடம்பு முழுவதும் பரவாமல் வலிக்கிற மூட்டுக்குள் மட்டும் மருந்தைச் செலுத்தலாம் என்ற வழியை 1951இல் ஹாலண்டர் என்ற மருத்துவர் வெளியிட்டார். இன்று நம் ஊரில் அதிகம் பயன்படுவது டிரையாம்சினோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற இரண்டும்தான்.

இடுப்பில் போடும் ஊசியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். கிராமங்களில் ‘மூட்டுவலி ஊசி’ என்று கேட்டால் பல இடங்களில் இடுப்பில்தான் போடுகிறார்கள். பெரும்பாலும் அது டெக்சாமெத்தசோனும் ஒரு வலிநிவாரணியும் சேர்ந்தது. போட்ட அன்று மாலையே வயலுக்குப் போகலாம். ஆகவே அடுத்த வாரமும் வந்து கேட்கிறார்கள். பிசான நெல் நடவுக் காலத்தில் வாரம் ஒன்று என்று வரிசையாகப் போட்டுக்கொண்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். இது உடல் முழுவதும் பரவும் ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் போனால் முகம் நிலாப்போல் உப்பும், தோல் காகிதமாகும், எலும்பு பலமிழக்கும், இடுப்பு மூட்டின் பந்துக்கு இரத்த ஓட்டம் நின்றுபோகவும் கூடும். உடம்பு தன் ஹார்மோனைச் சுரப்பதையே மறந்துவிடும். அதனால் நீண்ட நாள் போட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. இப்படிப் போட்டுக்கொண்டு வருகிறீர்கள் என்றால், கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். திட்டு விழும் என்று பயந்து மறைக்கிறவர்களுக்குத்தான் பெரிய சங்கடம் வருகிறது.

மூட்டுக்குள் போடும் ஊசியில் ஒரே இடத்தில் சிறு அளவு மருந்து தங்குகிறது. அதிலும் கொஞ்சம் இரத்தத்தில் கலக்கும். அதைப் பிறகு சொல்கிறேன். ‘ஜெல் ஊசி’, சொந்த இரத்தத்திலிருந்து எடுத்துப் போடும் ஊசி ஆகியவை முற்றிலும் வேறு மருந்துகள்.

முதல் படி: உங்கள் வலி இந்த ஊசிக்கான வலியா?

வீக்கமும் சூடும் உள்ள வலிக்குத்தான் இது நன்றாகக் கேட்கும். தேய்மானம் உள்ள முழங்கால் திடீரென்று நீர் கோத்து வீங்குவது, முடக்குவாதத்தில் மற்றவை அடங்கியும் ஒரு மூட்டு மட்டும் அடங்காமல் இருப்பது, யூரிக் அமிலப் படிகத்தால் வரும் கௌட், கையைத் தூக்கவிடாத தோள் இறுக்கம் ஆகியவை அந்த வகை. தோள் இறுக்கம் சர்க்கரை உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. வலி மிகுந்த தொடக்கக் காலத்தில் போட்டால் நல்ல பலன் கிடைக்கும்.

மூட்டு மட்டுமல்ல, தசைநார் ஓடும் உறைக்கும் இதைப் போடுவதுண்டு. முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கத்துப் பீடி சுற்றும் பெண்களிடம் இரண்டு தொல்லைகளை அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று, மடக்கிய விரல் நிமிராமல் மாட்டிக்கொண்டு பிறகு சொடுக்கென்று விடுபடுவது. மற்றது, கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் சுருக்கென்று வலித்து, தண்ணீர்க் குடத்தைக் கூடத் தூக்க முடியாமல் போவது. இரண்டுக்கும் சில மில்லிகிராம் மருந்தே பெரிய நிவாரணம் தருகிறது.

கேட்காத வலிகளும் உண்டு. இடுப்பு நரம்பு அழுந்திக் கால் வலித்தால் முழங்காலில் ஊசி போட்டுப் பயனில்லை. முழங்கையின் வெளிப்பக்க வலிக்கு ஊசி போட்டால் முதல் சில வாரம் சுகமாக இருக்கும். ஓராண்டு கழித்துப் பார்த்தால் போடாதவர்களே மேலாக இருக்கிறார்கள். குதிகாலுக்குப் பின்னால் உள்ள தடித்த தசைநாரில் போடவே கூடாது. அறுந்துபோகும் ஆபத்து இருக்கிறது.

இரண்டாம் படி: போடக் கூடாத நேரம்

காய்ச்சல் இருக்கிறதா, மூட்டின் மேல் தோலில் புண், சிரங்கு, சீழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் தள்ளிப்போடுங்கள். சிக்குன்குனியா காய்ச்சல் ஓடும் நாள்களில் மூட்டு எவ்வளவு வலித்தாலும் ஸ்டீராய்டு கேட்காதீர்கள். 2006இல் தமிழ்நாடு முழுக்க அந்த நோய் பரவியபோது எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் குனிந்தே நடந்தார். அந்த வலி மாதக்கணக்கில் நீளும் என்பது உண்மைதான்; ஆனால் நீடித்த வலிக்கு என்ன செய்வது என்பதைக் காய்ச்சல் விட்ட பிறகு மருத்துவர் பார்த்து முடிவு செய்வார்.

நம் நாட்டில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஒரே ஒரு மூட்டு மாதக்கணக்கில் வீங்கியே இருக்கிறது, சாயங்காலக் காய்ச்சல் வருகிறது, உடம்பு மெலிகிறது என்றால் அது மூட்டுக் காசநோயாக இருக்கலாம். அதில் ஸ்டீராய்டு போனால் நெருப்புக்கு எண்ணெய் விட்ட கதைதான். முதலில் நீர் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

எலும்பு முறிவு இருந்தாலும், செயற்கை மூட்டு பொருத்தியிருந்தாலும் அந்த இடத்தில் போடமாட்டார்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. எச்.ஐ.வி. கூட்டு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதையும் தனியாகச் சொல்லிவிடுங்கள். அந்த மருந்துகளில் சில, ஸ்டீராய்டை உடம்பை விட்டு வெளியேறவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மூன்றாம் படி: ஒரு நோட்டு வாங்குங்கள்

பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் சாதாரண நோட்டு போதும். பெரியம்மைக்கு நான் வாங்கிக் கொடுத்ததும் அதுதான். முதல் பக்கத்தில் என்னென்ன நோய், என்னென்ன மாத்திரை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எழுதுங்கள். பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடும் ஊசி யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதை முக்கியமாகக் குறிக்க வேண்டும். இந்த ஊசியோடும் அதே மரப்பு மருந்தைத்தான் பெரும்பாலும் கலப்பார்கள்.

அடுத்த பக்கத்தை மருத்துவரிடமோ செவிலியரிடமோ கொடுத்து எழுதித் தரச் சொல்லுங்கள். பெரியம்மையின் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கிறது: ‘வலது முழங்கால். டிரையாம்சினோலோன் 40 மி.கி. மரப்பு மருந்துடன். நீர் 20 மி.லி. எடுக்கப்பட்டது, வைக்கோல் நிறம், தெளிவு.’ மேலே தேதி. இவ்வளவுதான். முழங்காலுக்குப் பொதுவாக 40 மி.கி. போடுவார்கள், விரல் மூட்டுக்கு 10 மி.கி. அல்லது அதற்கும் குறைவு. எழுதித் தரத் தயங்குகிற இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அரசு மருத்துவமனைச் சீட்டிலும் கேட்டால் எழுதித் தருவார்கள்.

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: இதற்கு முன் செய்யக்கூடியது எதையாவது விட்டுவிட்டோமா? 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முழங்கால் தேய்மானம் உள்ள 156 பேரில் ஒரு பாதிக்கு ஊசியும் மறு பாதிக்குப் பிசியோதெரபியும் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் பயிற்சி செய்தவர்களுக்கே வலியும் குறைவு, நடமாட்டமும் மேல்.

நான்காம் படி: ஊசி நாள்

வெறும் வயிற்றோடு வர வேண்டாம். சாப்பிட்டுவிட்டு, வழக்கமான மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு வாருங்கள். முழங்காலுக்கு மேல் ஏற்ற வசதியான தளர்வான உடை நல்லது. முந்தைய இரவு தைலம், பற்று, எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். பூசியதைத் துடைத்து எடுப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும், தோலும் சுத்தமாகாது. மூட்டு முடியை வீட்டில் மழிக்கவும் வேண்டாம், கீறல் விழும். கூட ஒருவர் வரட்டும். திரும்பும்போது இருசக்கர வாகனத்தை நீங்கள் ஓட்டக் கூடாது. நின்றுகொண்டே போக வேண்டிய பஸ் என்றால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருங்கள்.

அறைக்குள் நடப்பது

பலரும் கேட்டுப் பயப்படும் பகுதி இதுதான். அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

உங்களைப் படுக்க வைத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துணி ஒன்றைச் செருகுவோம். மருத்துவர் விரலால் முட்டிச் சில்லின் ஓரத்தைத் தடவி, எலும்புக்கும் சில்லுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைக் கண்டுபிடித்து, நகத்தாலோ பேனா மூடியாலோ ஒரு சிறு தடம் பதிப்பார். பிறகு பழுப்பு நிறக் கிருமிநாசினியை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டமாகத் தடவுவோம். அது தானாக உலர வேண்டும். உலர்கிற அந்த இரண்டு நிமிடத்தில்தான் கிருமி சாகிறது. ஊதியோ துடைத்தோ அவசரப்படுத்தினால் வேலை கெட்டுவிடும்.

மருந்துக் குப்பியை எடுத்துப் பார்த்தால் அடியில் வெள்ளையாக மாவு படிந்திருக்கும், மேலே தெளிந்த நீர் நிற்கும். குலுக்கினால் பால்போல் ஆகிவிடும். குலுக்காமல் எடுத்தால் நோயாளிக்கு மருந்தே போகாது. என்னிடம் பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். அந்தத் துகள்கள் மெல்லக் கரைவதால்தான் மருந்து வாரக்கணக்கில் வேலை செய்கிறது.

ஊசி தோலைத் தாண்டும்போது எறும்பு கடித்தது போல் இருக்கும். உள்ளே போனதும் ஓர் அழுத்தம். நீர் கோத்திருந்தால் முதலில் அதை உறிஞ்சி எடுப்பார்கள். நீர் தெளிவாக, வைக்கோல் நிறத்தில் இருந்தால் நல்லது. கலங்கியோ சீழ் போலவோ வந்தால் அன்று ஸ்டீராய்டு போடாமல், நீரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதே சரி. மருந்து தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அழுத்திப் போடும்படி இருந்தால் ஊசி முனை தவறான இடத்தில் இருக்கிறது என்று பொருள். பிறகு ஒரு சிறு பஞ்சு, ஒரு பிளாஸ்திரி. மொத்தம் பத்து நிமிடம். இடுப்பு மூட்டைப் போன்ற ஆழமான இடங்களுக்கு ஸ்கேன் பார்த்துக்கொண்டே போடுவார்கள். முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்து, தலைசுற்றல், அரிப்பு எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு கிளம்புங்கள்.

முதல் 2 நாள்

பெரியம்மை படியிறங்கும்போதே, ‘ஏட்டி, கால் புதுசாக வந்ததுபோல் இருக்கிறது’ என்றார். அது மரப்பு மருந்தின் வேலை. சில மணி நேரத்தில் அது இறங்கிவிடும், பழைய வலி திரும்பும். ஊசி பலிக்கவில்லையே என்று அன்றிரவு அழுதவர்கள் உண்டு. ஸ்டீராய்டு வேலையைத் தொடங்க 2, 3 நாள் ஆகும். சிலருக்கு ஒரு வாரம்கூட ஆகும். நடுவில் வலி முன்னைவிடக் கூடுவதும் உண்டு. துகள்களின் உறுத்தலால் வரும் அது 2, 3 நாளில் தணியும். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். மருத்துவர் சொன்ன பாரசிட்டமாலைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த 2 நாளில் எண்ணெய் தேய்த்து உருவுவதும் வெந்நீர் ஒத்தடமும் கூடாது. ஊசித் துளையோடு தாமிரபரணியில் மூழ்கிக் குளிப்பதும், சீசன் என்று குற்றாலத்துக்குப் போய் அருவியில் நிற்பதும் கூடவே கூடாது. மறுநாள் வீட்டில் சுத்தமான தண்ணீரில் குளிக்கலாம். வீட்டுக்குள் நடக்கலாம், மாடி ஏறுவது, சுமை தூக்குவது, குத்துக்கால் இட்டு உட்காருவது வேண்டாம். முகம் ஓரிரு நாள் சிவந்து சூடாக இருந்தால் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு மாதவிலக்கு முன்பின் ஆகலாம்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த ஒரு வாரம்

மருந்தில் கொஞ்சம் இரத்தத்தில் கலக்கும் என்றேனே, அது முதலில் தெரிவது சர்க்கரையில்தான். முதல் சில நாள்களில் உச்சத்துக்குப் போய், பொதுவாக ஒரு வாரத்துக்குள் இறங்கிவிடும். ஊசிக்கு முன்பே சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். போட்ட பிறகு, வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பின்பும் நாள்தோறும் பார்த்து நோட்டில் எழுதுங்கள். எந்த அளவைத் தாண்டினால் கூப்பிட வேண்டும் என்பதையும் மாத்திரையையோ இன்சுலினையோ கூட்ட வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், மயக்கம், வாந்தி வந்தால் காத்திருக்கக் கூடாது. நலம் விசாரிக்க வருகிறவர்கள் அல்வாப் பொட்டலத்தோடு வருவார்கள். அந்த வாரம் அதை அப்படியே பேரப்பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள்.

உடனே ஓட வேண்டிய நேரம்

ஊசியால் மூட்டுக்குள் கிருமி புகுவது மிக அரிது. ஆனால் புகுந்தால் சில நாள்களில் குருத்தெலும்பை அரித்துவிடும். காய்ச்சல், குளிர் நடுக்கம், மூட்டு சிவந்து கொதிப்பது, மூன்று நாள் ஆகியும் வலி ஏறிக்கொண்டே போவது, காலை அசைக்கவே முடியாமை ஆகிய இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நள்ளிரவானாலும் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு திறந்திருக்கும். மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கிவிட்டுக் காத்திருந்தால், எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பதும் கடினமாகிவிடும்.

ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுப்பதும் குழிவதும் சில வாரம் கழித்துத் தெரியலாம். நம் நிறத்துக்கு வெளுப்பு பளிச்சென்று தெரியும். குஷ்டமோ என்று பயந்து வருகிறார்கள். அது குஷ்டம் இல்லை. பலருக்கு மாதங்கள் கழிந்து நிறம் திரும்பும்.

வலி இல்லாத வாரங்களில்

இனிமேல்தான் உங்கள் வேலை. வலி குறைந்த மகிழ்ச்சியில், பாக்கி நின்றுபோன பீடி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சுற்றி முடிக்க உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். பழையபடி ஆறே வாரத்தில் வந்து நிற்பார்கள்.

ஒரு வாரம் ஆனதும், மருத்துவர் சரி என்றால், தொடைத் தசையைப் பலப்படுத்தத் தொடங்குங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைத் தரையோடு அமுக்குவதுபோல் தொடையை இறுக்குங்கள். 5 எண்ணும் வரை பிடித்து விடுங்கள். ஒரு வேளைக்கு 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. அது பழகியதும், மல்லாந்து படுத்து, காலை மடக்காமல் ஒரு சாண் உயரம் தூக்கி இறக்குங்கள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்து பழகுங்கள். மூட்டைத் தாங்குவது தொடைத் தசை. அது இளைத்துக் கிடந்தால் எத்தனை ஊசியும் போதாது. நடக்க முடியாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி சொல்லிக்கொடுக்கிறார்கள். கிராமச் சுகாதார செவிலியரிடம் பெயரைக் கொடுங்கள்.

உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் எட்டிலும் முழங்காலின் மேல் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறையும்.

தரையில் உட்காருவதை விடச் சொல்வது எளிது. பீடித் தட்டும் பத்தமடைப் பாய்த் தறியும் தரையில்தான் இருக்கின்றன, பிழைப்பும் அங்கேதான் இருக்கிறது. பெரியம்மைக்குத் தச்சரிடம் சொல்லி, நாற்காலியின் இரண்டு கைகள் மேலும் படியும்படி ஒரு பலகை செய்து வாங்கினோம். சுளகு அதன் மேல் உட்கார்ந்துகொண்டது. முதல் வாரம் கை ஓடவில்லை என்று புலம்பினார். மூன்றாம் வாரம் பழைய வேகம் வந்துவிட்டது. அரை மணிக்கு ஒரு முறை எழுந்து வாசல் வரை நடந்து வர வேண்டும் என்பது ஒப்பந்தம். கழிப்பறைக்கு ஒரு நாற்காலி, காய் நறுக்க அரிவாள்மனைக்குப் பதில் மேசையும் கத்தியும். முழங்கால் முழுதாக மடங்குவது நாளுக்கு எத்தனை தரம் என்று எண்ணிப் பாருங்கள். அதில் பாதியைக் குறைத்தாலே பெரிய விஷயம்.

அடுத்த ஊசி எப்போது?

ஒரே மூட்டில் இரண்டு ஊசிக்கு இடையே குறைந்தது மூன்று மாதம். ஆண்டுக்கு மூன்று, நான்குக்கு மேல் கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றும் வரம்பு. என்னைக் கேட்டால் அந்த வரம்பை எட்டாமல் இருப்பதே நல்லது. 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், முழங்கால் தேய்மானம் உள்ள 140 பேரில் பாதிப் பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரண்டு ஆண்டுகள் டிரையாம்சினோலோன் 40 மி.கி. போட்டார்கள், மற்றவர்களுக்கு வெறும் உப்பு நீர். முடிவில் வலியில் வேறுபாடு இல்லை. ஸ்டீராய்டு போட்டவர்களின் குருத்தெலும்புதான் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாள்காட்டியைப் பார்த்துப் போட்டுக்கொள்ளும் ஊசி அல்ல இது. முதல் ஊசி ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை என்றால், அதையே திரும்பப் போடாமல், வலியின் காரணத்தை மறுபடி தேடச் சொல்லுங்கள்.

மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கிறவர்கள், கடைசி ஊசிக்குப் பின் மூன்று மாதமாவது இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் புதிய மூட்டில் கிருமித் தொற்று ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. போன ஐப்பசியில் பெரியம்மைக்கு அறுவைச் சிகிச்சை பேசியபோது மருத்துவர் முதலில் கேட்டது அதைத்தான். பெரியம்மை பேசாமல் இடுப்புப் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார். ஓரங்கள் மடங்கி, அட்டையில் புகையிலைத் தூள் படிந்திருந்தது. மருத்துவர் கடைசி வரியின் தேதியைப் பார்த்து, விரல்விட்டு எண்ணி, தை மாதத்துக்குப் பிறகு ஒரு நாளை அதே பக்கத்தின் கீழே எழுதிக் கொடுத்தார்.